கோழி வந்த வெள்ளிக்கிழமை

எங்கள் ஊர்ச் சுருட்டுக் கூடத்தில் யாரும் கை தட்டுவதில்லை. எல்லார் கையிலும் புகையிலை இருக்கும். மேடையில் ஒருத்தர் உட்கார்ந்து காலையில் செய்தித்தாளும் மதியம் கதையும் வாசிப்பார். நூற்றுப் பதினெட்டுப் பேர் சுருட்டிக்கொண்டே கேட்பார்கள். வாசிப்பு பிடித்துப்போனால், இலை வெட்டுகிற தகட்டால் பலகையைத் தட்டுவார்கள். பிறை மாதிரி வளைந்த, கைப்பிடி இல்லாத இரும்புத் தகடு அது. அத்தனை தகடும் சேர்ந்து தட்டினால் ஓட்டுக்கூரை அதிரும். பிடிக்காவிட்டால் அதே தகட்டைத் தரையில் போடுவார்கள்.

அந்த மேடைதான் இடால்மிஸுக்கு வேண்டியிருந்தது. அவள் ஏழு வருஷம் மூன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தவள். மகள் மைலினுக்கு இப்போது ஒன்பது வயது. மைலினுக்குப் பேச்சு கிடையாது. ஆனால் சொல்வதில் பாதிக்கு மேல் புரியும், மனிதர்களை அடையாளம் தெரியும், பிடிக்காதவர் மடியில் உட்கார மாட்டாள். ஓசைதான் அவளுக்கு எமன். பக்கத்து வீட்டில் பயறு வேகும் குக்கர் சீறினாலே காதைப் பொத்திக்கொண்டு மணிக்கட்டைக் கடிப்பாள். இரும்போடு இரும்பு மோதும் சத்தம் கேட்டால் சுவரில் தலையை முட்டுவாள். ரத்தம் வந்தாலும் நிறுத்தத் தெரியாது.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் மாகாணத் தலைநகரில் இருக்கிறது. பஸ்ஸுக்கு டீசல் கிடைத்தால் வாரம் இரண்டு நாள் வரும். மீதி நாள் பிள்ளை வீட்டில். இடால்மிஸ் டீச்சர் வேலையை விட்டபோது தலைமையாசிரியை கூட்டம் போட்டு, பூ கொடுத்து, "உன் தியாகம், உன் தியாகம்" என்று ஏழு தடவை சொன்னாள். ஏழு தடவையும் எண்ணி வைத்திருந்தாள் இடால்மிஸ். அவளுக்கு வேண்டியது வேலை. பிறகு மருந்துக்கடையில் சேர்ந்தாள். ஒரே மாசத்தில் நாலு தடவை பாதி விற்பனையில் வீட்டுக்கு ஓடினாள். ஐந்தாவது தடவை ஓடிவிட்டுத் திரும்பியபோது கடையில் அவள் இடத்தில் வேறொருத்தி நின்றிருந்தாள்.

கூடத்து வாசிப்பு வேலை ஒரு நாளைக்கு மூன்று முறை, முறைக்கு அரைமணி நேரம். வீடு மூன்று தெரு தள்ளி. நடுவில் ஓடிப்போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வரலாம். அந்த அரைமணி நேரங்களில் மட்டும் பக்கத்து வீட்டு நெரெய்தா பார்த்துக்கொண்டால் போதும். நெரெய்தா ஓய்வு பெற்ற நர்ஸ். மைலின் அவள் மடியில் உட்காருவாள், அதற்கு மேல் என்ன தகுதி வேண்டும்? இந்த ஊரில் இடால்மிஸ் பார்க்கக்கூடிய வேலை என்று ஒன்று இருந்தால் அது இதுதான். இதுவும் போனால் வேறு கிடையாது.

ஆனால் வாசிப்பவரை நிர்வாகம் நியமிப்பதில்லை, சுருட்டுகிறவர்கள்தான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். ஆளுக்கு ஒரு வாரம் வாசித்துக் காட்ட வேண்டும். முதல் வாரம் வாசித்த ராதாமேஸ் உள்ளூர் வானொலியில் இருபது வருஷம் பேசியவர். குரலில் வெண்ணெய் வழியும். அந்த வாரம் மூன்று நாள் கூரை அதிர்ந்தது. அடுத்த வாரம் இடால்மிஸுடையது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஓட்டுச் சீட்டு.

அவள் எடுத்த கதையில், கரும்பாலை முதலாளி தோன் அன்செல்மோ காலைக் காப்பியைக் குடித்துவிட்டு மேஜையிலேயே செத்துக் கிடக்கிறார். வீட்டில் ஐந்து பெண்கள். யார் விஷம் வைத்தது? புதன்கிழமைக்குள் கூடம் இரண்டுபட்டுவிட்டது. சமையல்காரிதான் என்று ஒரு கட்சி, மூத்த மகள் என்று ஒரு கட்சி. மதியச் சாப்பாட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும் தோழிகள் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வியாழக்கிழமை அவள் வாசித்து முடித்தபோது தகடுகள் எழுப்பிய சத்தத்தில் மேடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஒன்பது வருஷமாக எல்லாரும் அவள் தியாகத்தைப் புகழ்ந்தார்கள், இல்லாவிட்டால் உச்சுக் கொட்டினார்கள். "நீ நல்லா செஞ்ச" என்று ஒருத்தரும் சொன்னதில்லை. அன்று ஓடிப்போய் மைலினைத் தூக்கிச் சுற்றினாள். அவ்வளவு சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரை மணி. நெரெய்தா மூச்சிரைக்க உள்ளே வந்தாள்.

"அடியே, ரேஷன் கடைக்குக் கோழி வந்துருச்சு!"

இடால்மிஸ் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு பாதியில் நின்றது. "எப்பக்கா?"

"இப்பத்தான் வண்டியில இருந்து இறக்குறான். கடைசி யாருன்னு கேட்டு இடம் போட்டுட்டு ஓடியாறேன். எனக்கு முன்னால நாப்பது பேரு. உன் அட்டையையும் குடு."

"அக்கா, ரெண்டு மணிக்குக் கடைசி வாசிப்பு. இன்னிக்குத்தான் ஓட்டு."

"தெரியாமயா இருக்கேன்? நான் என்னடி பண்ணட்டும்? ஒன்றரை மாசமாச்சு கோழியக் கண்ணால பாத்து. மூணு மணிக்குக் கடைய மூடிருவான். வேணும்னா சொல்லு, இவளையும் கூட்டிக்கிட்டு வரிசையில நிக்கிறேன்."

சொல்லிவிட்டு நெரெய்தா தன் முன்கையைப் பார்த்துக்கொண்டாள். போன தடவை வரிசையில் லாரி ஹாரன் அடித்தபோது மைலின் கடித்த இடம் இன்னும் கறுத்துக் கிடந்தது. இடால்மிஸ் ரேஷன் அட்டையை எடுத்துக் கொடுத்தாள். எங்கள் ஊரில் கோழி வந்த நாளில் பிரசவம்கூட ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

போகாமல் இருக்கலாமா? வராதவருக்குச் சீட்டு இல்லை. பிள்ளையை அறையில் பூட்டிவிட்டுப் போகலாமா? ஒரே ஒரு தடவை, பத்து நிமிஷம், அப்படிச் செய்திருக்கிறாள். அதற்கப்புறம் அந்தக் கதவைப் பார்த்தாலே தன் மேல் அவளுக்கு வெறுப்பு. காதில் பஞ்சு வைத்தாள், மைலின் பிடுங்கி எறிந்தாள். மறுபடி வைத்தாள், மறுபடி எறிந்தாள். மணி ஒன்று ஐம்பது.

கூடத்தில் எழுந்து நின்று, "இன்னிக்கு ஒரு நாள் தட்டாதீங்க" என்று கேட்டிருக்கலாம். அந்த யோசனை வரத்தான் வந்தது. வந்த வேகத்தில் தள்ளிவிட்டாள். ஓட்டுப் போடுகிற நாளில் பிள்ளையைக் காட்டிக் கெஞ்சினாள் என்று ராதாமேஸின் ஆட்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்லாவிட்டாலும் அவளுக்கே அப்படித்தான் தோன்றும்.

கூடத்துக்கு முற்றத்துப் பக்கம் ஒரு கதவு உண்டு. அதைத் திறந்தால் நேராக மேடையின் பின்புறம். பழைய செய்தித்தாள்கள் அங்கேதான் கட்டுக் கட்டாகக் கிடக்கும். பிள்ளைகளை உள்ளே விடக் கூடாது என்பது விதி. இடால்மிஸ் யாருக்கும் தெரியாமல் மைலினைக் கூட்டிவந்து அங்கே உட்காரவைத்தாள். மைலினுக்குக் காகிதம் கிழிக்கப் பிடிக்கும். விரல் அகலத்துக்கு, கோடு போட்ட மாதிரி நேராகக் கிழிப்பாள். ஒரு கட்டைப் பிரித்துக் கொடுத்து, நெற்றியில் முத்தமிட்டுவிட்டு, இடால்மிஸ் மேடை ஏறினாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு மரத்தடுப்பு மட்டும்தான்.

முதல் இரண்டு பக்கம் வழக்கம்போல் வாசித்தாள். நீதிபதி ஐந்து பெண்களையும் ஒரே அறையில் நிறுத்துகிறார். கூடத்தில் பேச்சு அடங்கியது. முன்வரிசையில் ப்ரூடென்சியோ உட்கார்ந்திருந்தார், நாற்பத்து மூன்று வருஷமாகச் சுருட்டுகிறவர். தட்டுவதை எப்போதும் அவர்தான் தொடங்குவார், பின்னால் மற்றவர்கள். அவர் கை சுருட்டை விட்டுவிட்டுத் தகட்டைத் தேடிப்போவதை இடால்மிஸ் பார்த்தாள். தடுப்பின் இடுக்கு வழியாக மைலினின் விரல்கள் தெரிந்தன. காகிதம் சர்ரென்று கிழிந்தது.

இன்னும் நாலு பக்கம். இதே மாதிரி வாசித்தால், விஷம் வைத்தவள் பெயர் வந்ததும் கூரை அதிரும். வேறு வழி தெரியவில்லை. கதையைக் கொன்றுவிடுவது என்று முடிவு செய்தாள்.

குரலைத் தட்டையாக்கினாள். ரேஷன் கடைப் பலகையில் எழுதியிருக்கிற பட்டியலைப் படிக்கிற மாதிரி படித்தாள். நிறுத்த வேண்டிய இடத்தில் ஓடினாள், அலற வேண்டிய இடத்தில் முணுமுணுத்தாள். மூத்த மகள் மயங்கி விழுந்ததை, மழை பெய்தது என்பது போலச் சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள்.

மூன்றாவது வரிசையிலிருந்து மிகாயேலா கேட்டாள்: "ஏம்மா, தொண்டை கட்டிக்கிச்சா?"

"எங்க மாமியா ஜெபம் சொன்னா இப்படித்தான் இருக்கும், பாதியில அவங்களே தூங்கிருவாங்க" என்றது ஒரு குரல். சிரிப்பு எழுந்தது. இடால்மிஸ் நிமிராமல் படித்தாள். சிரிக்கட்டும், கொட்டாவி விடட்டும். அலுத்துப்போனால் சும்மா இருப்பார்கள், சும்மா இருந்தால் போதும். வேலை போனது போனதுதான். வீட்டுக்குப் போய் அழுதுகொள்ளலாம்.

பயத்தில் அவளுக்குப் பாதிதான் நினைவிருந்தது. பிடித்தால் என்ன செய்வார்கள் என்பதை மட்டும் யோசித்தாள்.

ப்ரூடென்சியோ தகட்டைக் கையில் எடுத்தார். அவரும் ஐந்து நாளாக இந்த இடத்துக்குத்தான் காத்திருந்தார். ஒரு நிமிஷம் அவளையே பார்த்தார். அப்புறம் கையை நீட்டித் தகட்டைச் சிமெண்டுத் தரையில் விட்டார்.

ணங் என்றது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு ஆலங்கட்டி மழை மாதிரி வரிசை வரிசையாக விழுந்தன.

மைலினின் அலறல் தகடுகளையும் மீறிக் கேட்டது. தொடர்ந்து தடுப்பில் தலை மோதும் சத்தம், ஒரே சீராக, தொம், தொம் என்று. இடால்மிஸ் படி இறங்கவில்லை, குதித்தாள். பின்னாலிருந்து மகளைக் கைகாலால் வளைத்துக் கட்டிக்கொண்டு, தடுப்புக்கும் அவள் நெற்றிக்கும் நடுவில் தன் உள்ளங்கையைக் கொடுத்தாள். மோதலெல்லாம் அந்தக் கையில் விழுந்தது. மைலினின் மணிக்கட்டில் பல் பதிந்து ரத்தம் வந்திருந்தது.

சங்கச் செயலாளர் ரெனே ஓடி வந்தார். "யாரு இது? புள்ளைங்கள உள்ள விடக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

அவர் பின்னாலேயே பாதிக் கூடம் எழுந்து வந்துவிட்டது. ப்ரூடென்சியோ முகம் வெளுத்து நின்றார். "நீ இப்படி வாசிக்கிறவ இல்லையே" என்றார் மெதுவாக. "வேணும்னுதான் கெடுத்தியா?"

"ஆமா, வேணும்னுதான்!" இடால்மிஸ் பிடியைத் தளர்த்தாமலே கத்தினாள். "நல்லா வாசிச்சா தட்டுவீங்க. தட்டுனா இதான் ஆகும். மட்டமா வாசிச்சா சும்மா இருப்பீங்கன்னு நெனச்சேன். என் புத்திய செருப்பால அடிக்கணும்!"

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா" என்றாள் மிகாயேலா. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "தட்டாம இருந்திருப்போமே."

"அதுக்குத்தான் சொல்லல. தட்டாதீங்கன்னு நானே சொல்லிட்டா, நல்லா வாசிச்சேனா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? பாவம்னு சீட்டுப் போடுவீங்க. ஒம்பது வருஷமா அந்தப் பாவத்தத்தான் வாங்கிட்டிருக்கேன். போதும்."

ஒருவர் பின் ஒருவராக இடத்துக்குப் போய், குனிந்து, ஓசை வராமல் தகட்டை எடுத்துக்கொண்டார்கள். மைலின் அடங்க இருபது நிமிஷம் ஆனது. அவளைத் தூக்கிக்கொண்டு இடால்மிஸ் முற்றத்துக் கதவு வழியாகப் போனாள். கதைப் புத்தகம் கக்கத்திலேயே இருந்தது அவளுக்குத் தெரியாது.

வீட்டில் மைலின் தூங்கினாள். இடால்மிஸின் வலது கை வீங்கிவிட்டது. நெரெய்தா நாலு கோழித்தொடையைச் சட்டியில் போட்டுக்கொண்டு வந்தவள், கையைப் பார்த்துவிட்டுச் சட்டியை அப்படியே கீழே வைத்தாள். என்ன நடந்தது என்று கேட்டபோது இடால்மிஸ் நாலே வார்த்தையில் சொன்னாள். நெரெய்தா அந்தக் கோழியைத் திட்டினாள், கோழி இறக்கினவனைத் திட்டினாள், வரிசையில் நின்ற நாற்பது பேரையும் திட்டினாள். சுவர்க்கடிகாரத்தில் நாலு மணி ஆனது. இந்நேரம் சீட்டு எண்ணுவார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

நாலரைக்கு ரெனே வாசலில் நின்றார். கோபத்தில் மூக்கு சிவந்திருந்தது.

"ஓட்டு நடக்கல" என்றார்.

"ஏன்?"

"ஏனா? யாரு விஷம் வெச்சான்னு தெரியாம சீட்டுத் தொட மாட்டோம்னு நிக்கிறாங்க. ராதாமேஸோட ஆளுங்களும் அவங்களோட சேந்துக்கிட்டாங்க. பதினோரு வருஷமா செயலாளரா இருக்கேன், இப்படி ஒரு கூத்தப் பாத்ததில்ல. நீ புஸ்தகத்த வேற தூக்கிட்டு வந்துட்ட. குடு அத. திங்கக்கிழம ராதாமேஸ் வாசிச்சு முடிக்கட்டும்."

அப்போதுதான் இடால்மிஸ் மேஜையில் கிடந்த புத்தகத்தைப் பார்த்தாள். எடுத்து மார்போடு வைத்துக்கொண்டாள்.

"தர மாட்டேன்."

"அது கூடத்துப் புஸ்தகம்!"

"கூடத்துப் புஸ்தகம்தான். திங்கக்கிழம நானே கொண்டாந்து நானே வாசிக்கிறேன். என் வாரம் இன்னும் முடியல. நாலு பக்கம் பாக்கி இருக்கு."

"புள்ளைய மறுபடி உள்ள கூட்டிட்டு வந்தேன்னா, உன் பேரையே அடிச்சிருவேன்."

"வரமாட்டா. கோழி வந்தாலும் சரி, மாடே வந்தாலும் சரி, நான் வீட்ட விட்டு நகர மாட்டேன்" என்று உள்ளேயிருந்து நெரெய்தா குரல் கொடுத்தாள்.

ரெனே திரும்பினார். இரண்டடி போனார். மறுபடி வந்து குரலைத் தாழ்த்தி, "சமையக்காரிதானே?" என்றார்.

"திங்கக்கிழம வாங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள் இடால்மிஸ்.

சனியும் ஞாயிறும் எப்படிப் போயின என்று கேட்காதீர்கள். தெருவில் தலை காட்டினால் ஆளுக்கு ஆள் மூத்த மகளா, சமையல்காரியா என்று பிடித்துக்கொண்டார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. வீங்கின கையோடு துணி துவைத்தாள், மைலினின் மணிக்கட்டுக்கு மருந்து போட்டாள், பிள்ளை தூங்கிய நேரமெல்லாம் அந்த நாலு பக்கத்தை வாய்க்குள்ளேயே வாசித்துப் பார்த்தாள். பிள்ளையின் நெற்றிக் காயத்தைப் பார்க்கும்போதெல்லாம் எதற்கு இந்த வீம்பு என்று தோன்றும். அடுத்த நிமிஷமே, இதை விட்டால் வேறு என்ன இருக்கிறது என்று தோன்றும்.

திங்கட்கிழமை இரண்டு மணிக்குக் கூடத்தில் இருமல்கூடக் கேட்கவில்லை. இடால்மிஸ் கொன்று போட்ட இடத்திலிருந்து திரும்ப ஆரம்பித்தாள். ஐந்து பெண்களும் வரிசையாக நின்றார்கள். நீதிபதியின் குரலுக்கு ஒரு கனம் கொடுத்தாள், சமையல்காரியின் அழுகையைத் தொண்டையிலேயே நிறுத்தினாள். மூத்த மகள் மயங்கி விழுந்தபோது மிகாயேலா "ஐயோ" என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள். கடைசிப் பக்கத்தில், யாரும் சந்தேகப்படாத, தினமும் அந்தக் காப்பியைச் சர்க்கரை போட்டு ஆற்றிக் கொடுத்த மனைவி ஓரடி முன்னால் வந்தாள். "அவர் ஒரு நாளும் ருசி பார்த்துக் குடித்ததில்லை" என்றாள். கதை அங்கே முடிந்தது.

இடால்மிஸ் புத்தகத்தை மூடினாள். காத்திருந்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை. நூற்றுப் பதினெட்டுப் பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தகடுகள் பலகையில் கிடந்தன. கைகள் அவற்றின் மேல் அசையாமல் இருந்தன. மிகாயேலா ஈரக் கண்ணோடு சிரித்துக்கொண்டே உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். அப்போதுதான் இடால்மிஸுக்கு விளங்கியது. பெரிய மனசு பண்ணுகிறார்கள். எல்லாரும் பேசி வைத்துக்கொண்டு அவளுக்காகத் தட்டாமல் இருக்கிறார்கள்.

அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"புள்ள வீட்ல இருக்கா!" என்று மேடையிலிருந்து கத்தினாள். "மூணு தெரு தள்ளி, நெரெய்தாக்கா மடியில இருக்கா. இங்க நான் மட்டும்தான் இருக்கேன். நல்லா இருந்தா தட்டுங்க. நல்லா இல்லேன்னா கீழ போடுங்க. ரெண்டுல ஒண்ணு பண்ணித் தொலைங்களேன்!"

கூடம் திகைத்துப்போய் ப்ரூடென்சியோவைப் பார்த்தது. அவர் அவசரப்படவில்லை. தகட்டை எடுத்து, அதன் முனையில் ஒட்டியிருந்த இலைத்துணுக்கை விரலால் துடைத்தார்.

"நீதிபதி பேசுற எடத்துல கொஞ்சம் அவசரப்பட்டுட்ட" என்றார். "மத்தபடி குறை சொல்ல முடியாது."

சொல்லிவிட்டு அவர் தட்டினார். மிகாயேலா தட்டினாள், அப்புறம் யார் தட்டினார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி ஆகிவிட்டது. ராதாமேஸின் ஆட்களும் தட்டினார்கள், சீட்டை மட்டும் அவருக்கே போட்டார்கள். இடால்மிஸ் ஜெயித்தது பத்துச் சீட்டு வித்தியாசத்தில்தான். ஆனால் சீட்டெல்லாம் அதற்கப்புறம். சத்தத்தில் மேடைக்கம்பி அதிர்ந்தது. அவள் வீங்கிய கையால் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டரை மணிக்கு வீட்டில் இருக்க வேண்டியவள், அது முழுக்க ஓயும்வரை மேடையை விட்டு இறங்கவில்லை.